கூட்டத்தில் சேர்ந்தவன்

படப்பையில் நாம் குடியிருக்கும் தெருவில், வண்டலூர் – வாலாஜாபாத் சாலைக்குச் சற்று உள்ளடங்கி ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் முறைவேலை பார்க்கும் இளைஞர்கள் அறைக்கு நால்வர், ஐவர் என அங்கே தங்கியிருக்கிறார்கள். இரவு முறைக்குப் போனவன் சுருட்டி வைத்த பாயைப் பகல் முறை முடித்து வந்தவன் விரித்துக்கொள்கிறான். அவர்களுள் இருவர், நாம் முன்பு தென்மாவட்ட மத்ரஸா ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது நம்மிடம் ஓதியவர்கள். அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஒரு மழை நாளில் இஷாத் தொழுகைக்குப் பின் அங்கே சென்றோம்.

அறையிலிருந்தவர்கள் ஒரு கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, புராரி மரணங்களைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தில்லியின் புராரிப் பகுதியில் 2018 ஜூலை முதல் நாள் காலையில், ஒரே வீட்டில் மூன்று தலைமுறையைச் சேர்ந்த 11 பேர் இறந்து கிடந்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றி 2021ஆம் ஆண்டில் மூன்று பகுதிகளாக வந்த படம் அது. படம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒருவன் சிரித்தான். ‘படித்த குடும்பமாம்! இதைக்கூட நம்புவார்களா?’ என்றான். மற்றவர்களும் சிரித்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான்.

மறுவாரம் அவன் தானாகவே நம்மைத் தேடி வந்தான். ‘ஹஜ்ரத், நானும் மூன்று வருடம் அப்படி ஒரு கூட்டத்தில் இருந்தேன்’ என்றான்.

அவன் சொன்னதை அவன் இசைவுடனேயே எழுதுகிறோம். ஊரும் பேரும் வேண்டா. வேலைக்கு வந்த புதிதில் அவனுக்கு ஒரு கடுமையான நோய் கண்டது. உடன் வேலை செய்த ஒருவர் பத்து நாள்கள் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அவர்தாம் பிறகு ஒரு வியாழன் இரவு அவனைத் தம் ‘பெரியவரிடம்’ அழைத்துச் சென்றார். அந்தப் பெரியவர் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. தாய் தந்தையரின் நலத்தை விசாரித்தார். ஆறாம் மாதத்தில் அவன் சம்பளத்தில் பாதி அங்கே போயிற்று. ஓராண்டில், ‘உன் வீட்டார் உன் ஈமானுக்குத் திரை’ என்று சொல்லப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஊருக்குப் போவதை நிறுத்தினான். மூன்றாம் ஆண்டு அவன் அத்தா மௌத்தானார். ஜனாஸாவுக்குப் போகலாமா என்று பெரியவரிடம் உத்தரவு கேட்டான். அவர் ‘நாளை சொல்கிறேன்’ என்றார். நாளை வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அங்கிருந்து அவன் விலகியதற்கு அந்த ஒரு சொல்லே காரணம்.

‘இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால், அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தமாதிரிதானே என்னையும் பார்த்துச் சிரிப்பார்கள்?’ என்று அவன் கேட்டான். அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

ஒரு மனிதனுக்கோ ஒரு வாக்குக்கோ தம் அறிவை அடகு வைத்துவிட்ட குழுவைக் குறிக்க நம் மொழியில் தனிச்சொல் இல்லை. ‘கூட்டம்’ என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். ‘அவன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான்’ என்றால் எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது. பொதுவான சொல்லாயினும் அதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. மனிதன் முதலில் சேர்வது கொள்கையில் அன்று, கூட்டத்தில்தான். கொள்கை பின்னால் வருகிறது. திரைப்படங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன என்பதே நமது முதற் குறை.

தமிழ்த் திரையில் போலி ஆன்மிகரைச் சாடும் மரபு பழையது. 1952இல் வந்த ‘பராசக்தி’யில் கோயிற் பூசாரி அபயம் தேடி வந்தவளிடம் தகாதவாறு நடக்க முற்படும் காட்சி அந்நாளில் பெரும் புயலைக் கிளப்பியது. அன்று தொடங்கி, 2016இன் ‘காஷ்மோரா’, 2020இன் ‘மூக்குத்தி அம்மன்’ வரையில் இந்தப் பாத்திரம் வேறு வேறு உடைகளில் வந்துகொண்டேயிருக்கிறது. மலையாளத்தில் 2020இல் வந்த ‘டிரான்ஸ்’ கிறிஸ்தவப் பிரசங்க மேடைக்கு இதே கண்ணாடியைப் பிடித்தது. சீர்திருத்த நோக்கில் இவற்றுக்கு ஒரு பயன் உண்டு; மறுக்கவில்லை. ஆயினும் இவற்றுட் பலவும் பார்வையாளனுக்கு இரண்டு பிழையான பாடங்களைச் சொல்லிக் கொடுக்கின்றன. ஒன்று, தலைவன் தன் பொய்யைத் தானே அறிந்த எத்தன். திரை மறைவில் பணத்தை எண்ணுகிறவன். மற்றொன்று, பின்பற்றுகிறவன் மூடன்; வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவன். எத்தனை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம்! அரங்கிலிருந்து வெளியே வருகிறவன், ‘நாம் மூடனல்லன், ஆகவே நமக்கு இது நேராது’ என்ற நிம்மதியோடு வருகிறான். இந்த நிம்மதியைவிட ஆபத்தானது வேறில்லை. கஞ்சி கொண்டுவந்து கொடுத்த அந்த நண்பரை எந்தப் படத்தை நினைத்துக்கொண்டு நம் மாணவன் சந்தேகித்திருக்க முடியும்?

விதிவிலக்காக ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். சத்யஜித் ராய் 1960இல் எடுத்த வங்காளப் படமாகிய ‘தேவி’. ஒரு முதியவர் தம் மருமகளே தேவியின் அவதாரம் என்று கனவு காண்கிறார். அவர் எத்தன் அல்லர். அவளிடம் மெய்யான பாசம் கொண்டவர். ஊர் அவள் காலில் விழுகிறது. ஒரு குழந்தை பிழைத்துவிடுகிறது. இறுதியில் அந்தப் பேதைப் பெண்ணுக்கே தான் மானிடப் பிறவிதானா என்ற ஐயம் வந்துவிடுகிறது. அதில் பணம் எண்ணுகிறவன் ஒருவனும் இல்லை. பிடிப்பு அன்பின் வழியே இறங்குகிறது என்பதை அவ்வளவு அமைதியாகக் காட்டிய வேறொரு இந்தியப் படத்தை நாம் கண்டதில்லை. அதே ராய் ஐந்தாண்டு கழித்து ‘மகாபுருஷ்’ எடுத்தபோது அவரும் வேடிக்கைச் சாமியாரைத்தான் காட்டினார் என்பது தனிக் கதை.

புராரிக்குத் திரும்புவோம். அவ்வீட்டில் சாமியார் யாருமில்லை. மடமில்லை, காணிக்கையில்லை. அக்கம்பக்கத்தார் மெச்சிய, கடை நடத்திப் பிழைத்த, பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பம். குடும்பத் தலைவர் இறந்தபின், 2007 முதல் அவருடைய குரல் இளைய மகன் வாயிலாக வருவதாக வீட்டார் நம்பினர். அந்தக் கட்டளைகள் பதினோராண்டுக் காலம் குறிப்பேடுகளில் எழுதப்பட்டன. கடைசிச் சடங்கின் முடிவில் தாங்கள் காப்பாற்றப்படுவோம் என்றே அவர்கள் எண்ணியிருந்தனர் என்பதை அக்குறிப்பேடுகள் காட்டின. செய்தித் தொலைக்காட்சிகள் அப்போது செய்ததென்ன? வீட்டுச் சுவரில் பதினோரு குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டின. குழாய் பதினொன்று, உடல் பதினொன்று என்று கணக்குப் போட்டன. குடும்பம் ஒன்று பதினோராண்டுக் காலம் எதற்காக வாய் திறக்கவில்லை, ஒரு மருமகளோ ஒரு பேரப்பிள்ளையோ வெளியே ஒரு சொல் சொல்ல முடியாமற்போனது ஏன் என்று கேட்க நேரமில்லை. குழாயை எண்ணவே நேரம் போதவில்லை. பின்னாளில் வந்த ஆவணப்படம் ஓரளவு நிதானமாக உளவியல் மருத்துவர்களையும் பேசவிட்டது. எனினும் அறையில் சிரித்த இளைஞர்களைச் சிரிக்காமலிருக்கச் செய்ய அதனாலும் இயலவில்லை. பழக்கப்பட்ட கண் அப்படி.

நம் மாநிலத்தைத் தொட்ட ஒரு நிகழ்ச்சியையும் சொல்லாமல் தீராது. 2010 மார்ச்சில், திருவண்ணாமலையில் பிறந்து கர்நாடகத்தின் பிடதியில் ஆசிரமம் அமைத்திருந்த நித்தியானந்தரைப் பற்றிய ஓர் ஒளிநாடா தொலைக்காட்சியில் வெளியாயிற்று. அவர் தரப்பு அதை மறுத்தது. அவர்மீதான வழக்குகள் நீதிமன்றத்தின் பாற்பட்டவை. நாம் பேச வருவது அதுவன்று. அன்றிரவு நம் தெருக்களிலும், நம்முடைய வீடுகளிலும், அந்தக் காட்சிகளை எத்தனை முறை பார்த்தோம்? பிறருடைய குற்றத்தைத் துருவித் துருவி ஆராய்வதையும், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளி நகையாடுவதையும் ‘ஹுஜுராத்’ அத்தியாயம் அடுத்தடுத்த வசனங்களில் தடுக்கிறது. ஓதத் தெரிந்தவர்கள்தாம் நாம். ஆனால் அடுத்த சமயத்தாரின் அவமானம் என்றவுடன் நம் உள்ளத்தில் ஒரு சிறிய மகிழ்ச்சி எழுந்ததா, இல்லையா? எழுந்தது. இதை எழுதுகிறவரையும் சேர்த்தே சொல்கிறோம்.

அவ்வளவு வெளிச்சம் போட்டும் அந்தக் கூட்டம் கலைந்ததா? 2012இல் அவர் மதுரை ஆதீனத்தின் இளைய பீடமாக அறிவிக்கப்பட்டார். எதிர்ப்பு எழுந்து அவ்வாண்டே நீக்கப்பட்டார். 2019இல் ‘கைலாசா’ என்று ஒரு நாடே அறிவிக்கப்பட்டது. 2022இல் பெற்றோரின் கண்ணீரை முன்வைத்து ஓர் ஆவணத் தொடரும் வந்துவிட்டது. இருந்தவர்களில் பலர் இருந்துகொண்டேயிருக்கிறார்கள். ஏன்? திரை அம்பலப்படுத்தியது தலைவரின் படுக்கையறையை. தொண்டரைக் கட்டியிருந்த கயிறு அங்கே இல்லை. வெளியுலகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் என்று உள்ளே முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். வெளியுலகம் சிரிக்கிறது. சொன்னது பலித்துவிட்டதென்று தொண்டர் இன்னும் இறுகிக்கொள்கிறார். நகைப்பு ஒவ்வொன்றும் வாசற்கதவுக்கு உள்ளேயிருந்து போடப்படும் தாழாகிவிடுகிறது.

அமெரிக்கர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. ஜிம் ஜோன்ஸ் என்பவரின் பின்னால் தென்னமெரிக்கக் கயானாக் காட்டுக்குள் சென்ற மக்கள் 1978 நவம்பர் 18ஆம் நாள் நஞ்சு கலந்த பானத்தால் மாண்டனர். அன்று இறந்தவர் தொகை 900க்கும் மேல்; அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குழந்தைகள். சுற்றிலும் ஆயுதம் தாங்கிய காவலர் நின்றனர். குழந்தைகள் விரும்பியா குடித்தனர்? ஆனால் அந்நாட்டுப் பேச்சு வழக்கில் ‘அந்தப் பானத்தைக் குடித்தவன்’ என்பது, கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்புகிறவனைக் கேலி செய்யும் தொடராகிவிட்டது. அந்தத் தொடரைக் காதால் கேட்கும்போதெல்லாம், அன்று பிள்ளையை இழந்து உயிர் தப்பிய தாய்க்கு எப்படி இருந்திருக்கும்!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் காலத்துப் பாத்தினிய்யாக்களை மறுத்து, கலீபா முஸ்தஸ்ஹிரின் காலத்தில் ஒரு நூல் எழுதினார்கள். அதில் ஒரு மனிதனைப் படிப்படியாக வசப்படுத்தும் ஒன்பது உபாயங்களை அடுக்குகிறார்கள். நமது பழைய உஸ்தாத் அதை எங்களுக்கு ஒரு மழைக்காலத்தில் வாசித்துக் காட்டினார். முதற்படி ‘தஃபர்ருஸ்’, எவன் வசப்படுவான் என்று முகக்குறி பார்த்து அறிதல். இரண்டாவது ‘தஃனீஸ்’, அவனோடு இணக்கமாதல், அவனுக்குப் பிடித்த வகையில் பழகுதல். அதன்பிறகே ‘தஷ்கீக்’ என்னும் ஐயமூட்டல். அடுத்தது ‘தஃலீக்’, விடையைச் சொல்லாமல் தொங்கவிடுதல். அதற்கப்பால் ‘ரப்த்’; இரகசியம் காப்பதாக ஆணை வாங்கிக் கட்டிப்போடுதல். இப்படியே போய், கடைசியில் உரித்தெடுத்தல். ‘நாளை சொல்கிறேன்’ என்ற சொல்லை நம் மாணவன் கூறியபோது நமக்கு ‘தஃலீக்’ என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. திரைப்படம் எட்டாம் படியையும் ஒன்பதாம் படியையும் காட்டுகிறது. மனிதன் ஏமாறுவது இரண்டாம் படியில்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த நூல் ஒரு தரப்பார் மறுதரப்பாரைப் பற்றி எழுதியது. அன்றைய இஸ்மாயீலிகள் அனைவரும் அப்படித்தான் இருந்தனர் என்பதற்கு அதை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது. அவர்களைப் பற்றி மார்க்கோ போலோ வழியாக ஐரோப்பா கேட்ட கதை இன்னும் மோசம். மலைக்கோட்டையில் ஒரு பூந்தோட்டமாம், கஞ்சா மயக்கமாம், கன்னியராம்! அது கட்டுக்கதை என்று இக்கால ஆய்வாளர்கள் நிறுவிவிட்டனர். என்றாலும் கணினி விளையாட்டிலும் ஆங்கிலப் படத்திலும் அக்கதை இன்றும் உயிரோடு உலவுகிறது. ஒரு கூட்டத்தைப் பற்றி வெளியார் வரைந்த சித்திரம் எண்ணூறு ஆண்டுகள் அழியாது நிற்கும் என்றால், இன்று படம் எடுக்கிறவர்களின் பொறுப்பு எத்தகையது என்று எண்ணிப் பார்க்கலாம். சிறிய சமயக் குழு எதைக் கண்டாலும் ‘இதுவும் அதுதானோ’ என்று அஞ்சும் நோயும் படத்திலிருந்து பிறப்பதே.

அது நிற்க. ‘இதெல்லாம் சிலை வணங்குகிறவர்களுக்கு நேர்வது, தவ்ஹீதுடைய நமக்கு நேராது’ என்று கூறும் அன்பர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு இரண்டு தேதிகளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாள், அதாவது 1979 நவம்பர் 20, ஃபஜ்ருத் தொழுகை முடிந்தவுடன் ஜுஹைமான் என்பவரின் கூட்டம் கஃபா பள்ளியையே கைப்பற்றியது. தன் மைத்துனரையே மஹ்தி என்று அறிவித்தது. பலரும் கனவில் அவரைக் கண்டோம் என்று சொன்னதே அதற்குச் சான்றாக வைக்கப்பட்டது. இரு வாரம் புனித எல்லைக்குள் இரத்தம் சிந்தியது. அவர்கள் மார்க்கம் அறியாதவர்களா? மதீனாவில் ஹதீஸ் வகுப்புகளில் அமர்ந்தவர்கள்! நாற்பது ஆண்டுகள் கழித்து, 2019 ரமலானில், ‘அல்ஆஸூஃப்’ என்ற அரபுத் தொடர் அந்நிகழ்ச்சியைத் திரையில் காட்டியபோதுதான் இளைய தலைமுறையில் பலர் அதைத் தெரிந்துகொண்டனர்.

மற்றொன்று 2019 ஏப்ரல் 21. இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதற்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் காத்தான்குடிக்காரர். அவர் பேசியது நம் தமிழில். அவருடைய பேச்சு பரவியது மேடையால் அன்று, கைப்பேசித் திரையால். ஆக, கூட்டத்தைத் திரை காட்டுவது மட்டுமன்று. கூட்டமே திரையைக் கைக்கொண்டுவிட்டது. ஹரியானாவின் குர்மீத் ராம் ரஹீம் 2015இல் தம்மையே கதாநாயகனாக்கிப் படம் எடுத்து வெளியிட்டார்; ஈராண்டில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. படத்தைப் பார்த்த ஊர்கள் கைதட்டி நகைத்துக்கொண்டிருந்தன. அவருடைய தொண்டர்கள் நகைக்கவில்லை.

இன்னும் நெருக்கமான ஒரு கேள்வி உண்டு. நம் மாணவன் அதைத் தயங்கித் தயங்கிக் கேட்டான்: ‘ஷைகிடம் முரீது, கழுவுகிறவர் கையில் மய்யித்தைப் போல் இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்?’

ஆம், சொல்லிக் கொடுத்தோம். நாமும் இளமையில் ஒரு ஷைகின் கையில் பைஅத் பெற்றவர்தாம். அந்தப் பெருந்தகை தம் முரீதுகளின் சம்பளம் எவ்வளவு என்பதைக் கேட்டதில்லை. தாய் அழைத்தால் திக்ரு மஜ்லிஸைவிட்டு எழுந்து போகச் சொல்வார். ஆகையால் அந்த உவமையின் மறுபக்கத்தை எண்ணிப் பார்க்க நமக்குத் தேவை ஏற்படவில்லை. அதை ஒரு சிறுவனிடம் சொல்லும்போது, கூடவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிய படைப்பிரிவின் வரலாற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அதன் தளபதி சினம் கொண்டு விறகு சேர்க்கச் சொன்னார். தீ மூட்டச் சொன்னார். ‘எனக்குக் கீழ்ப்படிய வேண்டுமன்றோ? இதில் இறங்குங்கள்’ என்றார். சிலர் இறங்கவும் எண்ணினர். நெருப்புக்கு அஞ்சித்தானே நபியவர்களிடம் ஓடி வந்தோம் என்று தோழர்கள் தயங்கி நிற்க, தீயும் அவிந்தது, தளபதியின் சினமும் அவிந்தது. செய்தி எட்டியபோது, அதில் இறங்கியிருந்தால் அதிலிருந்து வெளியேறியிருக்கவே மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையில் மட்டுமே என்றும் அண்ணலார் அறிவித்தார்கள். கயானாவின் காட்டில் இந்த வரலாற்றைச் சொல்ல ஒருவர் இல்லை. நம் வகுப்பில் சொல்ல ஒருவர் இருந்தும் சொல்லவில்லை. மய்யித்தின் உவமை பரீட்சைக்கு வந்தது, இது வரவில்லை.

நம் ஊருக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசரைப் பற்றி வைணவர்கள் ஒரு வரலாறு சொல்வார்கள். குரு இரகசியமாக உபதேசித்த மந்திரத்தை அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாரும் கேட்க உரைத்தாராம். அதனால் தமக்கு நரகம் வரினும் வரட்டும் என்றாராம். சமயக் கொள்கையில் நமக்கும் அவருக்கும் உள்ள தூரம் தெரிந்ததே. ஆனால் ‘ரப்த்’ என்று இமாம் எழுதினார்களே, அந்தக் கட்டை அவிழ்ப்பது எப்படி என்று கேட்டால் நமக்கு இந்தக் கோபுரந்தான் நினைவில் நிற்கிறது. இதைப் படமாக எடுப்பவர் யாரேனும் உளரா என்று தெரியவில்லை.

சென்ற மாதம் அவனுடன் அவன் ஊருக்குப் போயிருந்தோம். முதலில் கப்ருஸ்தானுக்குச் சென்றான். எந்தக் கப்ரு என்று அவனுக்குத் தெரியவில்லை, மோதினார்தாம் காட்டினார். வீட்டில் உறவினர் நாலைந்து பேர் கூடியிருந்தனர். அவனுடைய பெரியத்தா, கெட்ட எண்ணம் இல்லாதவர்தாம், ‘ஏம்பா, டீவியிலே எத்தனை காட்டுறான், படிச்ச புள்ள நீ எப்படிப்பா...’ என்று தொடங்கினார். அவனுடைய தாயார் உள்ளேயிருந்து வந்து, ‘கை கழுவிட்டு வா’ என்று அவனிடம் சொல்லிவிட்டு, பெரியத்தாவின் முன்னால் முதலில் சஹனை வைத்தார்.